துளசிங்கம் மேஸ்திரியும் காயாத ரோடும்

துளசிங்கம் மேஸ்திரிக்கு இரண்டு வகை மனிதர்களைக் கண்டால் ஆகாது. ரோட்டில் வெற்றிலைச் சாறு துப்புகிறவர்கள் ஒரு வகை. ரோட்டில் போகிறவர்கள் இன்னொரு வகை. தார் ரோடு என்பது போட்டு முடித்த பிறகு ஓரமாக நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பதற்காக ஏற்பட்டது என்பது அவர் கட்சி. அதன் மேல் வண்டி விடுவதும், மாடு ஓட்டுவதும், கலியாண ஊர்வலம் போவதும் அவருடைய பெருந்தன்மையால் நடந்துகொண்டிருந்தன.

அவர் பொறுப்பில் இருந்தது கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்கு வரும் ரோடு. சண்டைக் காலத்தில் மிலிட்டரி லாரிகள் அந்தக் கப்பி ரோட்டில் கிளப்பிய புழுதியில், எந்த லாரிக்குப் பின்னால் எந்த லாரி வருகிறது என்று சர்க்காருக்கே தெரியாமல் போய்விட்டது. அவசர அவசரமாகத் தார் ஊற்றினார்கள். அப்போது துளசிங்கம் தார் காய்ச்சும் கூலி. பழைய மேஸ்திரிக்குக் கண் மங்கி, எதிரே நின்ற எருமையை ரோலர் இஞ்சின் என்று நினைத்து "டிரைவர், ஓரம் போ" என்று அதட்டிய பிறகு, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காக்கிக் கோட்டையும் பித்தளை வில்லையையும் துளசிங்கத்திடம் கொடுத்தார்கள்.

கோட்டு பழைய மேஸ்திரியின் அளவு. துளசிங்கம் அதற்குள் ஒரு ஓரமாகக் குடியிருந்தார். ஆனாலும் கழற்ற மாட்டார். தாய்மாமனும் மாமனாருமாகிய ஒரே ஆள் செத்துப்போனபோதுகூட அதைப் போட்டுக்கொண்டே தோள் கொடுத்தார். "பாடையை நடுவாலே கொண்டுகினு போங்கய்யா, ஓரத்துல தார் இன்னும் இளசா இருக்குது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் வந்தார்.

சண்டை முடிந்த மறு வருஷம் அந்தக் கோட்டுக்கு ஆபத்து வந்தது.

ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். மேலே கிளைகள் கை கோத்துக்கொண்டதில், பட்டப் பகலில்கூட அங்கே விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சம்தான் இருக்கும். நடக்கிறவனுக்குச் சொர்க்கம், தாருக்கு நேர் எதிரிடை. வெட்டவெளி ரோடு மழை விட்டதும் முதுகை வெயிலுக்குக் காட்டிப் படுத்துக் காய்ந்துவிடும். மரத்தடி ரோடு காயாது. மழை நின்ற பிறகும் மரம் தன் பங்குக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். நூல் அளவு விரிசல் கிடைத்தால் போதும், அந்த ஈரம் உள்ளே இறங்கித் தாருக்கும் ஜல்லிக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும், புதுத் தம்பதிக்கு நடுவில் வந்து படுத்த அத்தைக்காரி மாதிரி. கொஞ்ச நாளில் இரண்டுக்கும் ஒட்டுறவு விட்டுப்போகும். அப்புறம் ஒரு பாரவண்டி போனால் ஜல்லி தனியாக எழுந்து உட்காரும், குழி விழும், குழியில் தண்ணீர் நிற்கும், பக்கத்து ஜல்லிக்கும் அந்தப் புத்தி வரும்.

துளசிங்கம் சும்மா இருக்கவில்லை. ரோட்டின் மேல் தொங்கிய கிளைகளைக் கழித்து வெயிலுக்கு வழி விட்டார். புளி குத்தகை எடுத்தவர் வந்து, "காய்க்கிற கிளையாப் பார்த்து வெட்டினியே, உன் கை வெளங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கக் கால்வாயில் நிரம்பிக் கிடந்த சருகை வாரி எறிந்து தண்ணீருக்குப் போக்கிடம் காட்டினார். நடுவில் தாரைத் தூக்கி, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து இறங்கும்படி ரோட்டுக்கு மீன் முதுகு வைத்தார். மழைக்கு முன்பே விரிசல்களுக்கெல்லாம் தாரும் மணலும் பூசினார். மரத்தடி ரோடு முழுக்கப் பிழைத்துக்கொண்டது, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

மரவரிசையின் நடுவில், ஒரு கட்டில் போடும் அகலத்துக்கு ஒரு திட்டு. எத்தனை தடவை பேர்த்து ஒட்டினாலும் அடுத்த மாதம் ஜல்லி பல் ஆடும். மழை பெய்தாலும் ஈரம், பெய்யாவிட்டாலும் ஈரம்.

ஓவர்சீர் கஜபதி சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தார். அவருக்கு வேலை வெட்டி இல்லாத மச்சான் ஒருவன் இருந்தான். அவன் அந்தக் கோட்டுக்குச் சரியான அளவு.

"இன்னா துளசிங்கம், ரோடு போடச் சொன்னா நாத்தங்கால் போட்டுக்கினே?"

"இந்த ஒரு எடம்தாங்க. ஏதோ ஊத்து கீத்து இருக்குது போல."

"ஊத்தா? அப்போ கெணறு வெட்டற வேலைக்குப் போ. ஆடிக் கிருத்திகை கழிஞ்சி எஞ்சினீர் ஐயா வர்றாரு. அன்னிக்கி இங்க ஒரு கல்லு ஆடினாலும் கோட்டைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, பழையபடி தார் காய்ச்சப் போயிடு."

துளசிங்கம் ஒரு கையால் கோட்டின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. மரவரிசையின் கோடியில் அப்துல் ஷுக்கூர் லாரி ரிப்பேர்க் கொட்டகை வைத்திருந்தார். மேஸ்திரி நேரே அங்கே போனார்.

"சாயபு, லாரி கழுவற தண்ணியெல்லாம் எங்க வுடறே?"

ஷுக்கூர் ஒரு லாரியின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "லாரி கழுவறதா? பெட்ரோல் கெடைக்காம கரி போட்டு ஓட்டிகினு இருக்கறானுங்க. டிரைவருங்க மூஞ்சியையே கழுவறதில்ல, லாரியைக் கழுவுவானுங்களா?"

"அப்போ யாருதான்யா ஊத்தறது?"

"அது உங்க சாமி, உங்க ஜனம். நான் வாயைத் தொறந்தா நல்லா இருக்காது. கிருத்திகை அன்னிக்கி வந்து நீயே பாரு."

"கிருத்திகை அன்னிக்கி நான் சத்திரத்துல இல்ல வண்டிங்களை ஒதுக்கிகினு இருப்பேன்?"

"அதான் விஷயம். நீ அங்க ஒதுக்கிகினு இருக்கே, இங்க ஊத்திகினு இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஷுக்கூர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த மாதக் கிருத்திகைக்கு மேஸ்திரி வயிற்று வலி என்று கனகம்மாசத்திரத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கொட்டகையின் தட்டி மறைவில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. மணவூர்ப் பக்கத்திலிருந்தும் ஆலங்காட்டுப் பக்கத்திலிருந்தும் காவடிகள் அரோகரா போட்டுக்கொண்டு வந்தன. வெறுங்கால். வெட்டவெளித் தாரில் காவடிக்காரர்கள் ஆடிய ஆட்டத்தில் பக்தி பாதி, சூடு பாதி. மரத்தடிக்கு வந்ததும் ஆட்டம் அடங்கியது. அங்கே, அந்தத் திட்டில், குடமும் குண்டானும் சொம்புமாகப் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். காவடி வந்து நிற்கும். மஞ்சள் தண்ணீர் காலில் கொட்டும். அடுத்த காவடி வரும்.

சுடுகிற இடத்தில் அல்லவா ஊற்றவேண்டும் என்று கேட்கலாம். சுடுகிற இடத்தில் ஊற்றினால் ஊற்றுகிறவர் காலும் சுடும். புண்ணியத்தை நிழலில் நின்று தேடிக்கொள்வதைத் தெய்வம் எங்கும் தடுக்கவில்லை.

கூட்டத்தின் முன்வரிசையில், இடுப்பில் செருகிய புடவையும் நெற்றி நிறைய விபூதியுமாக, பெரிய பித்தளைக் குடத்தோடு நின்றவள் அவர் பெண்சாதி மணியம்மை.

மேஸ்திரிக்குச் சொல்லிவைத்த வயிற்று வலி நிஜமாகவே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, நீ தண்ணி ஊத்தறதை எங்கிட்ட சொன்னியா?"

"மாசா மாசம் சொல்லிகினுதான் இருக்கறேன், பாவா. 'கிருத்திகை, காவடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்'னு. நீதான் 'ஆங், ஆங்'னு பொத்தானைத் தொடைச்சிகினு இருப்பே."

"என் ரோட்டு மேலயா ஊத்துவே?"

"உன் ரோடா? அந்தக் கோட்டு எப்படி வந்துதுன்னு நெனைச்சிகினு இருக்கறே? உன்னைவிட மூத்தவன் எத்தினி பேரு இருந்தான். 'எங்க பாவாவுக்கு மேஸ்திரி வேலை குடு, காலம் பூரா கிருத்திகைக்குக் காவடிக் காலுக்குத் தண்ணி ஊத்தறேன்'னு முருகங்கிட்ட வேண்டிக்கினேன். குடுத்தாரு. ஊத்தறேன்."

தனக்கு வேலை கிடைத்தது தான் தார் காய்ச்சும் பதத்தைப் பார்த்து என்று துளசிங்கம் அதுவரை நினைத்திருந்தார். அந்த வருத்தத்தைப் பிறகு படலாம் என்று ஒதுக்கிவைத்தார்.

"நீ ஒருத்தி ஊத்தினா பரவாயில்ல. மீதிப் பேரு?"

"உனக்குப் பலிச்சதைப் பார்த்துட்டு வசந்தி ஊத்தினா. அவ தம்பிக்கு அரக்கோணத்துல ரயில்வே வேலை ஆச்சி. அப்புறம் ஊரே வந்துடிச்சி. ஓவர்சீர் ஊட்டு கமலாம்மாகூட மாற்றல் கேட்டு ஊத்தறாங்க."

உத்தியோகம் வேண்டாதவர் ஊரில் யார்? ஒவ்வொரு வேண்டுதல் பலிக்கும்போதும் திட்டில் இரண்டு குடம் கூடியிருக்கிறது. ஊர் முன்னேற முன்னேற ரோடு இறங்கியிருக்கிறது.

"நிறுத்திடு மணி. இல்லாட்டி எஞ்சினீரு கோட்டை வாங்கிடுவாரு."

"நிறுத்தினா முருகன் வாங்கிடுவாரு."

"எடத்தையாவது மாத்து. மதகைத் தாண்டி வெட்டவெளியில ஊத்து. அங்க சூரியன் குடிச்சிடும், ரோட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

"பலிச்ச எடத்தை வுட்டுட்டு பலிக்காத எடத்துல எவ வந்து ஊத்துவா? நான் சொன்னா கேப்பாங்களா, நீ சொன்னா கேப்பாங்களா? சாமி சொல்லணும்."

சாமி சொல்வதற்கு வழி இருந்தது. ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று தெரியாதபோது, வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, சன்னதியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அது உத்தரவு. வெள்ளை வந்தால் வெட்டவெளி, சிவப்பு வந்தால் மரத்தடி என்று பேச்சாயிற்று. பொட்டலம் கட்டுகிற சிரமத்தை மேஸ்திரி தாமாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டார். முல்லையைக் கடையில் வாங்கினார். வேலியோரத்துச் சிவப்பு அரளியை மணியம்மையே பறித்துக் கொடுத்தாள். வாழை இலையில் சுற்றி, நாரால் கட்டி, முருகன் மலையில் பாதி ஏறியதும் மூச்சு வாங்குகிற சாக்கில், கூட வந்த பெண்களைவிட்டுச் சற்றுப் பின்தங்கி, அங்கே சில திருத்தங்களும் செய்துகொண்டார்.

குருக்கள் தட்டில் பொட்டலங்களை வைத்துக் கற்பூரம் காட்டி வெளியே கொண்டுவந்தார். பெண்களில் மூத்தவள் எல்லம்மாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்தவள், பாரபட்சம் பார்க்க வழியே இல்லை. அவளை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துப் பிரித்தாள்.

"வெள்ளை!" என்றாள் வசந்தி.

மேஸ்திரி கோட்டுக்குள் சாய்ந்து மூச்சு விட்டார். காரியம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் எல்லம்மாளுக்குக் கை ஓயவில்லை. "அடுத்ததுல இருக்கறது ஒசந்த அரளியாடி? என் பேத்திக்கு வச்சிக்கறேன்" என்று அதையும் பிரித்தாள்.

அதிலும் முல்லை.

எல்லாரும் பொட்டலத்தைப் பார்த்தார்கள். எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து அதுவும் பார்த்தது. துளசிங்கத்துக்குக் கோட்டு மட்டுமல்ல, இனி ஊரில் தலையும் மிஞ்சாது. இறங்குகிற படிக்கட்டு எத்தனை தூரம் என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

வசந்திதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடியே! சேப்பு அரளியை அவரே வெள்ளையா மாத்திட்டாருடி! ஒரு தரம் சொன்னா நம்ப கேக்க மாட்டோம்னு ரெண்டு தரமா சொல்லிட்டாரு!"

"அரோகரா!" என்றது கூட்டம். குருக்களும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கற்பூரம் ஏற்றினார்.

மணியம்மை மட்டும் அரோகரா போடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு புருஷன் பக்கத்தில் வந்தாள். கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு அரளியை ஒரு விரலால் உள்ளே தள்ளினாள்.

"வாடுது, பாவா" என்றாள். அவருக்குக் கோட்டு எவ்வளவு முக்கியம் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்?

மறுநாளே மேஸ்திரி மரத்தடித் திட்டை அடிவரைக்கும் தோண்டி, காய விட்டு, காய்ந்த ஜல்லி போட்டு, தாரை ஆறவிடாமல் ஊற்றி, மேலே மணல் தூவி, இரும்பு உருளையைக் கூலியாட்களோடு சேர்ந்து தாமே இழுத்தார். அந்தத் திட்டு முதன்முறையாகக் காய்ந்து, கறுத்து, இறுகியது.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் சாயங்காலமே அவரைக் கனகம்மாசத்திரத்துக்கு அனுப்பிவிட்டார் ஓவர்சீர். மறுநாள் அங்கே அவர் மாட்டு வண்டிகளோடு வாதாடிக்கொண்டிருக்கையில் ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. பின்னால் எஞ்சினீர் பங்காரு நாயுடு. அவருக்கு முன்னால் டிரைவர் பக்கத்தில், தன் மடியில் தானே உட்கார்ந்திருப்பது போல ஒடுங்கிக்கொண்டு, ஓவர்சீர் கஜபதி. கிருத்திகை கழிந்து வரவேண்டிய எஞ்சினீர், சாமி தரிசனமும் ஆகட்டும், ரோட்டைப் பார்த்ததும் ஆகட்டும் என்று அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

"மேஸ்திரியா? ஏறு" என்றார் எஞ்சினீர்.

கோட்டோடு காரில் ஏறியது துளசிங்கத்துக்கு அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையாகவும் இருக்கலாம் என்று நினைத்தபடி ஓரத்தில் தொற்றிக்கொண்டார். ஓவர்சீருக்குப் பிடரி வழியாக வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஆடி வெயில் என்று மேஸ்திரி நினைத்தார்.

வெட்டவெளியும் மதகும் மரவரிசைக்கு அப்பால், ஊர் ஓரத்தில் இருந்தன. கார் முதலில் மரத்தடியில் நின்றது. எஞ்சினீர் இறங்கி, கைத்தடியால் திட்டைத் தட்டினார். குத்தினார். குதிகாலால் மிதித்தார். துளசிங்கம் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கல்லும் அசையவில்லை.

"பாக உந்தி" என்றார் எஞ்சினீர். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "ஏமய்யா ஓவர்சீர், ரோடு பேந்து கெடக்குதுன்னு சொன்னீங்களே?"

"இருந்துதுங்க. நான் சொல்லிச் சொல்லி..." என்று ஓவர்சீர் இழுத்தார். "இதோட திரும்பிடலாங்களா? மேலே கூட்டம்."

"தரிசனத்துக்கு வந்துட்டுத் திரும்பறதா?" என்று எஞ்சினீர் ஏறிக்கொண்டார்.

கார் மதகைத் தாண்டியது. தாண்டியதும் நின்றது. அதற்கு மேல் ரோட்டைக் காணோம்.

ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், இருபது காவடி வரிசையாக நிற்கும் நீளத்துக்கு, தென்னங்கீற்றுப் பந்தல். வாழை மரம், மாவிலைத் தோரணம். கீற்று நெருக்கத்தில் ஒரு பொட்டு வெயில் கீழே இறங்கவில்லை. இரண்டு முறை உத்தரவான இடம் என்று பேர் பரவி, மரத்தடிக்கு வந்ததைப் போல மும்மடங்கு பெண்கள். அண்டா அண்டாவாகத் தண்ணீர். தார் மஞ்சள் குளமாக மின்னிக்கொண்டிருந்தது.

எஞ்சினீர் இறங்கினார். ஒரு புண்ணியவதி அவர் பூட்ஸ் மேலும் ஒரு குடம் ஊற்றினாள்.

"யார் போட்டது இதை?"

ஓவர்சீர் சட்டென்று திரும்பினார். "ஏய்யா மேஸ்திரி! யாரைக் கேட்டுப் போட்டே?"

நான் போடவில்லை என்று துளசிங்கம் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் ரோடு, அவர் பெண்சாதி, அவர் கட்டிய பொட்டலம். கை தானாகவே மேல் பொத்தானைக் கழற்றப் போனது.

அதற்குள் பித்தளைக் குடத்தோடு மணியம்மை முன்னால் வந்தாள். கும்பிட்டாள், எஞ்சினீரை அல்ல, ஓவர்சீரை.

"மகராசனா இருக்கணும் ஐயா நீங்க! வெட்டவெளியில மண்டை காயுதுன்னு கமலாம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க. நேத்து சாயங்காலமே கேங்க் ஆளுங்களையும் எலாகா மூங்கிலையும் அனுப்பிட்டீங்களே, யாருக்கு வரும் இந்த மனசு!"

"ஆங், தங்கமான மனுசன்!" என்றார்கள் பெண்கள். பந்தலின் நடு நிழலில், ஈரப் பட்டுப் புடவையோடு நின்ற கமலாம்மா, பெருமையாக, "நான் கொஞ்சமாத்தான் கேட்டேன். அவருதான் பெருசாவே போடச் சொன்னாரு" என்றாள்.

எஞ்சினீர் கைத்தடியைத் தாரில் வைத்து லேசாக நெம்பினார். ஒரு ஜல்லி முழுசாக, அழுக்கில்லாமல், கழுவின நாவற்பழம் மாதிரி எழுந்து வந்தது. அதைப் பொறுக்கி ஓவர்சீர் கையில் வைத்தார்.

"நெழல் இல்லாத எடத்தைத் தேடிப் பிடிச்சி, நெழல் போட்டுத் தண்ணி ஊத்தறீங்க" என்றார். "பந்தலை அவுருங்க."

"கேங்க் ஆளுங்க வந்த உடனே..."

"நீங்க அவுருங்க."

கஜபதி செருப்பைக் கழற்றிவிட்டு மூங்கிலில் ஏறினார். மாற்றல் வேண்டிக்கொண்டிருந்த கமலாம்மா, கீழே நின்றபடி, "பாத்துங்க, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீற்று ஒவ்வொன்றாக விழ விழ வெயில் இறங்கியது. காவடிக்காரர்களுக்கு மறுபடியும் ஆட்டம் வந்தது.

எஞ்சினீர் மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே கிருத்திகை தோறும் நீ சத்திரத்துக்குப் போக வாணாம். இங்கதான் நிக்கணும். தண்ணி ஊத்தட்டும், நம்மால நிறுத்த முடியாது. ஆனா இந்த எடத்துல ஒரு நெழல் விழக்கூடாது. விழுந்தா உன் கோட்டு என் கார்ல வரும்."

அன்றைக்குத் தொடங்கியது துளசிங்கத்தின் புது உத்தியோகம். ஊரில் மற்றவர்கள் நிழல் தேடி அலைகிற நேரத்தில், அவர் நடு ரோட்டில் நின்று நிழல் விரட்டினார். தலையில் முக்காடு போட்டவளைக்கூட ஓரமாகப் போய்ப் போட்டுக்கொள்ளச் சொன்னார். உச்சி வெயிலில் கம்பளிக் காக்கிக் கோட்டுக்குள் அவர் அவிந்துகொண்டிருந்தார். கார் போய்விட்டதென்று தெரிந்தும் ஒரு பொத்தானையும் கழற்றவில்லை. ஆனால் வெறுங்கால். தார் கொதித்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிப் பார்த்தார். பக்கத்தில் போன ஒரு காவடிக்காரர், தம் கூட்டத்தில் ஒருவர்தான் என்று நினைத்து, அவர் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார்.

மணியம்மை குடத்தோடு வந்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புருஷன் காலில் ஊற்றினாள்.

"ஐயையோ, ஊத்தாதேடி! ரோடு!"

"வெயில்லதானே இருக்குது. காஞ்சிடும், நில்லு பாவா."

நின்றார். காலைச் சுற்றி மஞ்சளாகப் பரவிய ஈரம், அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து சுருங்கிச் சுருங்கி, கறுப்பாகிக் காணாமல் போயிற்று. மேஸ்திரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு சொம்பு இருக்குதா?" என்றார்.